ஆளுநர் போய் அன்னம் வந்த பள்ளி இல்லங்கள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டில், ஐந்து வயதில் பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்குச் சீருடையோடு சேர்த்து ஒரு நிறமும் ஒரு பெயரும் கிடைத்துவிடும். ஸ்டர்ட் என்றால் ஒரு நிறம், ஃப்ளிண்டர்ஸ் என்றால் இன்னொன்று, லைட், ஹைண்ட்மார்ஷ் என்றால் வேறு வேறு. தொடக்கப் பள்ளியை முடிக்கும்வரை அதுதான் அந்தப் பிள்ளையின் இல்லம். விளையாட்டு விழா அன்று அந்த நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்திலும் அதே சாயத்தைப் பூசிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை அந்தப் பெயரைக் கத்த வேண்டும். அக்கா ஸ்டர்ட் என்றால் தம்பியும் ஸ்டர்ட். சில வீடுகளில் அப்பாவே அந்த இல்லத்துக்காக ஓடியவராக இருப்பார்.

இலங்கைத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் அது ஊர்த் திருவிழாவுக்குச் சற்றே குறைந்த விஷயம். இல்ல அலங்காரத்துக்கும் பரிசு உண்டு. பெயர்கள் பெரும்பாலும் பள்ளியை எழுப்பிய பாதிரியார்கள், அதிபர்கள், கொடையாளர்களுடையவை. தமிழ்நாட்டில் பலருக்குச் சிவப்பு அணி, நீல அணி என்று சொன்னால் புரியும். கேந்திரிய வித்யாலயாவில் படித்தவர்கள் சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் என்பார்கள். நவோதயாவில் படித்தவர்கள் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று மலைகளைச் சொல்வார்கள். இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் மாணவர்கள் உண்மையாகவே தங்கிய வீடுகளிலிருந்து பிறந்தது இந்த ஏற்பாடு. பிறகு விடுதியே இல்லாத பகல்நேரப் பள்ளிகளும் அதை எடுத்துக்கொண்டன. பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. வீடு இல்லை, பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயர்கள்தான் இப்போது ஆஸ்திரேலியாவில் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. ஆளுநர், தளபதி, நில அளவையாளர் போய், அந்த மண்ணின் பூர்வகுடி மொழியில் அன்னம், நெருப்பு, நீர், கங்காரு என்று வருகின்றன. பல இடங்களில் இதைத் தொடங்கிவைப்பது மாணவர் மன்றம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பெயர்கள் யாருடையவை என்று தோண்டுகிறார்கள். அவர்களைப் பற்றிப் படித்ததும் சங்கடம் வருகிறது. புதுப்பெயர் வேண்டும் என்று அதிபரிடம் போய் நிற்கிறார்கள். செய்தியாக வரும்போது இது இரண்டு பத்திகளில் முடிந்துவிடும். பிள்ளைகள் பெயர் வைத்தார்கள், மூத்தோர் வாழ்த்தினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அடிலெய்டைப் பொறுத்தவரை இதன் பின்னால் ஏறத்தாழ 190 ஆண்டுக் கதை இருக்கிறது. அதுவும் ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்கும் கதை.

முதலில் பழைய பெயர்கள். சார்லஸ் ஸ்டர்ட் 1830-இல் மர்ரி ஆற்றின் வழியே படகில் இறங்கிக் கடல்வரை வந்த பயணி. மாத்யூ ஃப்ளிண்டர்ஸ் 1802-இல் இந்தக் கடற்கரையை வரைபடமாக்கியவர். ஹைண்ட்மார்ஷ் முதல் ஆளுநர். வில்லியம் லைட் அடிலெய்டின் தெருக்களையும் பூங்காக்களையும் கோடு போட்டுக் கொடுத்தவர். பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மகன், மலாயாவில் பிறந்தவர், தாய்வழியில் கலப்பினத்தவர். இவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது உண்மையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. இவர்கள் வந்து இறங்கிய மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்களின் பெயர் எந்த இல்லத்துக்கும் இல்லை. ஃப்ளிண்டர்ஸ் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்தபோது கூடவே கப்பலில் போய், கரையோர மக்களிடம் தூது பேசியவர் பங்கரீ என்னும் பூர்வகுடி மனிதர். ஃப்ளிண்டர்ஸின் பூனைக்குச் சிட்னி நூலகச் சாளரத்தில் வெண்கலச் சிலை இருக்கிறது. பங்கரீயைப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அடிலெய்டு சமவெளி கௌர்னா மக்களின் நிலம். 1836-இல் பிரிட்டிஷ் அரசர் இந்தக் குடியேற்றத்துக்கு அனுமதி அளித்த சாசனத்தில், பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில் தொடர்ந்து வாழும் உரிமையை இது எந்த வகையிலும் பாதிக்காது என்றே எழுதியிருந்தது. எழுதியதோடு சரி. நிலம் அளந்து விற்கப்பட்டது.

1838 அக்டோபரில் பெஸ்டன்ஜி பொமன்ஜி என்ற பார்சிப் பெயர் தாங்கிய கப்பல் இரண்டாவது ஆளுநரான கோலரை இங்கே இறக்கிவிட்டது. அதே கப்பலில் இரண்டு இளம் ஜெர்மானிய லுத்தரன் பாதிரியார்களும் வந்தார்கள்: டைக்கல்மான், ஷூர்மான். டிரெஸ்டன் நகரத்து மிஷன் சங்கம் அவர்களை அனுப்பியிருந்தது. வேதத்தை மக்களின் தாய்மொழியில்தான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம். ஆகவே வந்ததும் மொழியைக் கற்க உட்கார்ந்தார்கள். கற்றுக் கொடுத்தவர்கள் முர்லவிராபுர்கா, கட்லிட்பினா, இட்யாமை-இட்பினா என்னும் மூன்று கௌர்னா மூத்தோர். வெள்ளையர்கள் இவர்களை ராஜா ஜான், கேப்டன் ஜாக், ராஜா ரோட்னி என்று அழைத்தார்கள். இவர்களின் பெயரைச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. பாதிரியார்கள் மெனக்கெட்டார்கள். 1840-இல் இலக்கணமும் ஏறத்தாழ 2,000 சொற்களும் எடுத்துக்காட்டு வாக்கியங்களும் கொண்ட நூலை அச்சிட்டுவிட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கி இரண்டே ஆண்டுகள்.

இதற்கிடையில் 1839 டிசம்பரில், டாரன்ஸ் ஆற்றின் வடகரையில் பிள்டவட்ளி என்ற இடத்தில் ஒரு பள்ளி தொடங்கியது. மரநாய் போன்ற போசம் என்னும் விலங்கு வாழும் இடம் என்று அதற்குப் பொருள். அங்கே பாடம் கௌர்னா மொழியில் நடந்தது. பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே எழுதவும் படிக்கவும் கற்றார்கள். 1840-இல் வந்து சேர்ந்த சாமுவேல் குளோசே என்ற மூன்றாவது பாதிரியார் பல ஆண்டுகள் அங்கே ஆசிரியராக இருந்தார். பிள்ளைகள் கௌர்னாவில் எழுதிய கடிதங்கள் சில ஜெர்மனிக்குப் போயின. அவை அழியாமல் இருக்கின்றன. இன்று அந்த மொழியை மீட்கிறவர்களுக்கு இவை பொக்கிஷம். அகராதி என்பது அயலார் கேட்டு எழுதியது. கடிதமோ பேசியவர்களே கைப்பட எழுதியது.

பள்ளி ஆறாண்டுகூட முழுதாக ஓடவில்லை. ஆளுநர் ஜார்ஜ் கிரேவுக்குப் பூர்வகுடிப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வேண்டும், பெற்றோரிடமிருந்து பிரிந்திருக்க வேண்டும். 1845-இல் பிள்டவட்ளி பள்ளி மூடப்பட்டது. ஆற்றங்கரையிலிருந்த குடியிருப்புகளும் இடிக்கப்பட்டன. பிள்ளைகள் நகருக்குள் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். பிறகு சிலர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, போர்ட் லிங்கன் அருகே பூனிண்டீ என்ற மிஷன் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அம்மை, காய்ச்சல், சாராயம், நிலமிழப்பு எல்லாம் சேர்ந்து அடுத்த தலைமுறைக்குள் கௌர்னா அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. அதைப் பேசி வளர்ந்த கடைசி மனிதர்களில் ஒருவரான இபரித்யி என்ற மூதாட்டி 1929-இல் இறந்தார்.

தமிழ் வாசகர் இங்கே சற்று நிற்கலாம். அந்த டிரெஸ்டன் சங்கம் நமக்கு அந்நியமானதல்ல. ஆஸ்திரேலியப் பணி கைகூடாமல் போன அதே 1840-களில் அது தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பியது. 1848-இல் லைப்சிக் நகருக்கு இடம்மாறி லைப்சிக் மிஷன் ஆயிற்று. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர்களில் ஒன்று அதுதான். அதன் இயக்குநரான கார்ல் கிரவுல் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். ஒரே சங்கம், இரண்டு மொழிகள். தமிழுக்கு அவர்கள் செய்தது சேவைதான். அவர்கள் வராவிட்டாலும் தமிழ் இருந்திருக்கும். கௌர்னாவுக்கோ, இரண்டு பேர் இரண்டு ஆண்டுகளில் எழுதி வைத்த நூல் இல்லையென்றால் இன்று மீட்டெடுக்கப் பெரிதாக ஒன்றும் இருந்திராது.

மீட்பும் ஒரு பள்ளியிலிருந்துதான் வேகம் பிடித்தது. 1980-களின் இறுதியில் பாட்டு, பெயர், வாழ்த்து என்று சிறிதாக ஆரம்பித்தார்கள். அடிலெய்டின் வடக்குப் புறநகரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட கௌர்னா பிளெய்ன்ஸ் பள்ளியில் 1992-இல் மொழி வகுப்பு வந்தது. அதன் அதிபர் அலித்யா ரிக்னி, ஆஸ்திரேலியாவில் பள்ளி அதிபரான முதல் பூர்வகுடிப் பெண் என்று அறியப்படுபவர். 2002-இல் அவரும், லூயிஸ் ஓபிரையன் என்ற மூத்தவரும், மொழியியலாளர் ராப் அமெரியும் சேர்ந்து கௌர்னா வர்ரா பின்ட்யாந்தி என்ற குழுவை அமைத்தார்கள். கௌர்னா மொழியை உருவாக்குதல் என்பது அதன் பொருள். பழைய அகராதியைத் தூசு தட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. கணினிக்கு மூளையையும் மின்னலையும் குறிக்கும் பழைய சொற்களை ஒட்டி முகண்டு என்று புதுச்சொல் செய்தார்கள். நமது கலைச்சொல் குழுக்கள் பொறாமைப்படலாம். மூன்றே அசை.

பள்ளி இல்லங்களின் பெயர் மாற்றத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும். பிள்ளைகள் ஒரு அலங்காரச் சொல்லைத் தேர்ந்தெடுப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் பள்ளியை விட்டு உத்தரவு போட்டு வெளியேற்றிய மொழி, பள்ளிக்குள் திரும்பி வருகிறது. வெளியேற்றியவர்களின் வாரிசுகளுக்கு அதைத் தாங்களாகவே எடுத்துச் சூட்டிக்கொள்ளும் உரிமை கிடையாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். என் கருத்தில் இந்த முழு முயற்சியின் சாரமும் அந்தக் கேட்டு வாங்குவதில்தான் இருக்கிறது. எந்தச் சொல் கிடைக்கிறது என்பது இரண்டாம்பட்சம்.

எப்படிக் கேட்கிறார்கள்? அடிலெய்டில் ஒரு பள்ளியோ, நகராட்சியோ, நிறுவனமோ கௌர்னா பெயர் வேண்டுமென்றால் மேற்சொன்ன கௌர்னா வர்ரா பின்ட்யாந்தி குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எதற்குப் பெயர், ஏன், எங்கே எழுதப்படும், கௌர்னா மக்களோடு உங்களுக்கு என்ன உறவு என்றெல்லாம் சொல்ல வேண்டும். குழு கூடிப் பேசும். மூத்தோரும் மொழியியலாளரும் உட்கார்ந்து, கேட்ட சொல் பழைய ஆவணங்களில் என்ன பொருளில் வந்திருக்கிறது, அதைத் தனியே பயன்படுத்தலாமா, வேறெங்கும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். சில நேரம் வேறொரு சொல்லைப் பரிந்துரைப்பார்கள். சில நேரம் வேண்டாம் என்பார்கள்.

இங்கேதான் ஆர்வமுள்ள பள்ளிகள் சறுக்குகின்றன. பல இடங்களில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. பிள்ளைகள் இணையத்தில் சொல் தேடி, பட்டியல் போட்டு, வாக்கெடுப்பு நடத்தி, சுவரொட்டியும் வரைந்த பிறகு மூத்தோரிடம் ஒப்புதல் கேட்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மறுத்தால் முப்பது பிள்ளைகளின் முகம் வாடும். அதை நினைத்தே மூத்தோர் வாய் திறக்கத் தயங்குவார்கள். இது கேட்பது ஆகாது, கையெழுத்து வாங்குவது. சரியாகச் செய்யும் பள்ளிகளில் மூத்தவர் ஒருவர் தொடக்கத்திலேயே வகுப்புக்கு வருகிறார். பள்ளி நிற்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது, பக்கத்து ஓடையில் என்ன கிடைத்தது, எந்தப் பறவை எப்போது வரும் என்று சொல்கிறார். பெயர்கள் அந்தப் பேச்சிலிருந்து வருகின்றன. பிள்ளைகளின் வாக்கு, ஒப்புதல் பெற்ற பெயர்களுக்குள் மட்டும்.

மறுக்கப்படக்கூடிய பெயர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு த்யிர்புருகி. அடிலெய்டின் தெற்குக் கடற்கரை முழுவதும் அவர் கதையால் ஆனது. கொல்லப்பட்ட சகோதரி மகன் குலுல்டுவியின் உடலைச் சுமந்துகொண்டு த்யிர்புருகி என்னும் முன்னோர் கரையோரமாகத் தெற்கே நடக்கிறார். உட்கார்ந்து அழுத இடங்களிலெல்லாம் கண்ணீர் நன்னீர் ஊற்றாகிறது. இறுதியில் அவர் ஐபிஸ் என்னும் அரிவாள்மூக்கனாக மாறிவிடுகிறார். அந்த ஊற்றுகள் இன்றும் இருக்கின்றன. சாலையோரம் அடையாளக் கற்கள் நட்டிருக்கிறார்கள். கேட்கும் எந்தப் பிள்ளைக்கும் மனத்தில் தைக்கும் கதை. ஆகவே முதல் பட்டியலிலேயே அந்தப் பெயர் ஏறிவிடும். ஆனால் அது ஒரு மக்களின் சட்டமும் துக்கமும் சேர்ந்த கதை. அதைச் சொல்ல உரிமையுள்ள குடும்பங்கள் உண்டு. நூறு மீட்டர் தொடரோட்டத்தில் தோற்ற அணியின் பெயராக அதை ஒலிபெருக்கியில் கூவுவது சரியாக இருக்குமா என்று கேட்டால், பிள்ளைகளே இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் குலதெய்வத்தின் பெயரைக் கபடி அணிக்கு வைப்போம். அதில் தவறொன்றும் காணமாட்டோம். அந்த வழக்கத்தை அங்கே கொண்டுபோக முடியாது.

மறைந்த மனிதர்களின் பெயருக்கும் இதே எச்சரிக்கை. பல பூர்வகுடிச் சமூகங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது. அடிலெய்டு மாநகராட்சி இதை நிதானமாகவே செய்தது. 1997 முதல் 2012 வரை பதினைந்து ஆண்டுகளில் நகரத்தின் பூங்காக்களுக்கும் சதுக்கங்களுக்கும் ஆற்றுக்கும் ஆங்கிலப் பெயரோடு கௌர்னா பெயரையும் சேர்த்தார்கள். நகரின் நடுவிலிருக்கும் விக்டோரியா சதுக்கம் தண்டஞங்கா ஆயிற்று. செங்கங்காரு கனவின், அதாவது முன்னோர் படைப்புக் கதையின், இடம் அது. விட்மோர் சதுக்கத்துக்கு இபரித்யியின் பெயர். வெலிங்டன் சதுக்கத்துக்குக் குட்னார்ட்டு என்ற பெண்ணின் பெயர். 1848-இல் வெள்ளையர் ஒருவரைச் சட்டப்படி மணந்தவர், அந்தக் குடியேற்றத்தில் பதிவான அப்படிப்பட்ட முதல் திருமணம் அது. அகராதிக்குச் சொல் கொடுத்த மூன்று மூத்தோரின் பெயர்களைப் பூங்காக்களுக்கும், அவர்கள் மனைவியரின் பெயர்களை மற்ற மூன்று சதுக்கங்களுக்கும் வைத்தார்கள். ஆங்கிலப் பெயர்களில் ராணி விக்டோரியாவை விட்டால் ஆண்களே நிறைந்திருந்த சதுக்கங்களில், கௌர்னா பெயர்களாகப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

இல்லங்களுக்கு இத்தனை சிக்கல் இல்லாத சொற்களே பெரும்பாலும் பொருந்துகின்றன. நெருப்புக்குக் களா, நீருக்குக் கௌவி, சூரியனுக்குத் திண்டு, கருப்பு அன்னத்துக்குக் குட்ல்யு. பழைய நிறங்களை மாற்ற வேண்டியதில்லை; சிவப்பு நெருப்பாகிவிடும், நீலம் நீராகிவிடும். சட்டை தைத்த பெற்றோருக்குச் செலவு மிச்சம்.

இந்தச் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஒன்று தெரியும். ளகரம், ணகரம், டகரம் எல்லாம் கௌர்னாவில் உண்டு. ஆங்கில எழுத்தில் இந்த நாமடி ஒலிகளைக் காட்ட ஓர் எழுத்துக்கு முன்னால் இன்னோர் எழுத்தை ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஒரே எழுத்து. வல்லினங்களை ஒலிப்புள்ளவை, ஒலிப்பற்றவை என்று தனித்தனியாகப் பிரிக்காததிலும் அது தமிழ் எழுத்தை ஒத்திருக்கிறது. இதைப் பார்த்ததும் குமரிக்கண்டம் வரை போய்விடும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. ஆஸ்திரேலிய மொழிகள் பலவற்றுக்கும் உள்ள பொது இயல்பு இது, உறவுக்குச் சான்றல்ல. ஆனால் அடிலெய்டில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் ளகரம் பழகியிருந்தால், வகுப்பில் மற்றவர்களை விடச் சரியாகக் களா என்று சொல்லும்.

எழுத்துமுறையால் வரும் தலைவலி வேறு. 1840-இன் பாதிரியார்கள் எழுதிய முறையைக் குழு 2010-இல் சீர்திருத்தியது. நாமடி ஒலிகள் அதற்குப் பிறகே ஒழுங்காகக் குறிக்கப்படுகின்றன. அதற்கு முன் பெயர் வைத்த இடங்களில் பழைய எழுத்து, பின்னர் வைத்த இடங்களில் புதிய எழுத்து. ஒரே சொல் இரண்டு பலகைகளில் இரண்டு விதம்.

மற்ற நகரங்களில் கதை வேறுபடுகிறது. பெர்த் பக்கம் நூங்கார் மக்களின் நிலம். அவர்களுக்கு ஆண்டில் ஆறு பருவங்கள்: பிராக், புனுரு, ஜெரன், மகுரு, ஜில்பா, கம்பராங். பள்ளிகளுக்கு இது கண்ணில்பட்டதும் பிடித்துவிடும். ஆனால் இல்லங்கள் நான்கு, பருவங்கள் ஆறு. எந்த இரண்டை விடுவது என்ற கேள்விக்கு நூங்கார் பார்வையில் விடையே இல்லை, பருவங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. அதனால் சில இடங்களில் பறவைகள் பக்கம் திரும்புகிறார்கள்: மாலி என்னும் கருப்பு அன்னம், வாலிட்ஜ் என்னும் கழுகு. அங்கே நீக்கப்படும் பெயரின் சுமையும் அதிகம். மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல் ஆளுநரான ஜேம்ஸ் ஸ்டர்லிங் 1834 அக்டோபர் 28 அன்று பின்ஜாராவில் நூங்கார் மக்கள்மீது நடந்த தாக்குதலைத் தானே முன்னின்று நடத்தியவர். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் நூங்கார் கணக்கும் இன்றும் ஒத்துப்போவதில்லை. அவர் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்யச் சொன்னால், இறந்தவர்களின் வழிவந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் என்ன செய்யும்?

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் தமிழர்கள் நிறைய வாழ்கிறார்கள். துங்காபி, பரமட்டா என்று அன்றாடம் சொல்லும் ஊர்ப்பெயர்கள் தாருக் மொழியிலிருந்து வந்தவை. பிளாக்டவுன் என்ற பெயர் வந்த விதமும் பள்ளிக்கூடக் கதைதான். ஆளுநர் மக்வாரி பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்க்க 1814-இல் ஒரு நிறுவனத்தை அறிவித்தார். அது பிறகு 1823-இல் இந்தப் பகுதிக்கு மாறியது. அந்த நிறுவனம் பரமட்டாவில் இருந்தபோதே அங்கே படித்த மரியா என்ற சிறுமி, 1819-இல் நடந்த தேர்வில் நூற்றுக்கு நெருக்கமான ஐரோப்பியப் பிள்ளைகளையும் தாண்டி முதல் பரிசு பெற்றவராக அறியப்படுகிறார். 1831-இல் தன் சகோதரர் கோல்பீக்கு அளிக்கப்பட்ட நிலம் தனக்கு வர வேண்டும் என்று ஆளுநருக்கு மனு எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அது கிடைத்தது. அந்த நிறுவனம் இருந்த இடம் 2018-இல் தாருக் மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. மக்வாரி பெயரில் சாலை, பல்கலைக்கழகம், இல்லம் எல்லாம் உண்டு. 1816-இல் அவர் அனுப்பிய படையினர் ஆப்பின் அருகே இரவில் பூர்வகுடியினரைத் துரத்திச் சுட்டதில் குறைந்தது 14 பேர் இறந்தார்கள் என்பது பாடநூல்களில் வர வெகுகாலம் பிடித்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பழைய மாணவர்கள் முதலில் கிளம்புவார்கள். கோப்பைகளில் பொறித்த பெயர், தாத்தா தலைவராக இருந்த இல்லம், வரலாற்றை அழிக்கிறார்கள் என்ற கூக்குரல். இதில் கடைசி வாதம் வலுவில்லாதது. பிள்ளைகள் பெயரை மாற்றப் புறப்பட்டதால்தான் ஸ்டர்லிங் யார், மக்வாரி யார் என்று முதல்முறையாகப் படிக்கிறார்கள். அதுவரை அவை வெறும் நிறங்கள். கனமான ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து, பூர்வகுடியினரிடமிருந்தே வருகிறது. 2023 அக்டோபர் 14-இல் பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனைக் குரல் அளிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை ஆறு மாநிலங்களும் நிராகரித்தன. நாடு முழுவதும் சுமார் 60 சதவீதம் வேண்டாம் என்றது. குரல் கொடுக்க மறுத்துவிட்டுச் சொற்களை மட்டும் கேட்டு வாங்கிச் சட்டையில் அச்சடிக்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன பதில்? பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அன்று வாக்குரிமை இல்லை என்பது ஒரு பதில்தான். அது போதாது.

நடைமுறையில் பெரிய குறை ஆள் பற்றாக்குறை. கௌர்னா பெயர் கேட்டு வரும் விண்ணப்பங்கள் பள்ளிகளிடமிருந்து மட்டும் வருவதில்லை. மருத்துவமனைக் கட்டடம், ரயில் நிலையம், மது தயாரிப்பாளர், கால்பந்துக் கழகம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அடிலெய்டு, போர்ட் அடிலெய்டு கால்பந்துக் கழகங்கள் பூர்வகுடிக் கால்பந்து வீரரான சர் டக் நிக்கல்ஸ் பெயரிலான சுற்றில் குவர்னா, யார்ட்டாபுல்ட்டி என்று கௌர்னா பெயரிலேயே களமிறங்குகின்றன. இத்தனைக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் ஒரு சிறு குழுவினர். மூத்தோர் பலருக்கு வயதாகிவிட்டது. அலித்யா ரிக்னி 2017-இல் காலமாகிவிட்டார். ஒரு பள்ளிக்கு நான்கு சொற்களைப் பார்த்துக் கொடுக்கும் நேரம், ஒரு வகுப்புக்கு மொழி கற்றுக் கொடுத்திருக்கக்கூடிய நேரம்.

அதனால் பள்ளிகள் பெயருக்கான கட்டணத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இல்லப் புள்ளி விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கௌர்னா பேசும் இளைஞர் ஒருவரை வாரம் ஒருமுறை வரவழைக்கச் செலவிடலாமா என்று யோசிக்கத் தொடங்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் கௌர்னா கற்பதற்கான சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அதை முடித்த கௌர்னா இளைஞர்களும் உண்டு. அவர்களுக்கு நிலையான ஆசிரியப் பணியிடங்கள் தேவைக்கு மிகக் குறைவு. அந்தப் பணியிடங்களை உருவாக்குவது மாணவர் மன்றத்தின் கையில் இல்லை. அது மாநிலக் கல்வித் துறையின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது.